புரட்டாசியில் ஒரு மழை பெய்துவிட்டது: விதைக்கலாமா, காத்திருக்கலாமா?

உள்வாய்க்காரி – செப்டம்பர் 23

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் ராஜசிங்கமங்கலம் பக்கத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி நெல் செய்கிறேன். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். மாமனார் இருந்தவரை விதைப்புக்கு அவர்தான் நாள் சொல்வார், நாங்கள் செய்வோம். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நாள் குறிக்கும் பொறுப்பு என் தலையில் இருக்கிறது.

போன ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். ஆவணிக் கடைசியில் ஒரு மாலை நல்ல மழை பெய்தது. மறுநாள் ஊரே வயலில் இறங்கியது. நானும் அந்த ஈரத்திலேயே விதைத்தேன். ஆறாம் நாள் வயல் முழுக்கப் பச்சை ஊசி நட்டதுபோல் முளைப்பு. பார்க்கப் பார்க்க வயிறு நிறைந்தது. அதன்பிறகு இருபத்திரண்டு நாள் ஒரு சொட்டு இல்லை. பயிர் இரண்டு விரல் உயரத்தில் நுனி சுருண்டது, பிறகு வைக்கோல் நிறமானது, கடைசியில் கையால் தடவினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. அதற்குக் கீழே மண் கல்லாக இருந்தது.

கம்மலை அடகு வைத்து மறுபடி விதை வாங்கி ஐப்பசி பாதியில் விதைத்தேன். அது தையில் பால் பிடிக்கும் நேரத்தில் கண்மாயில் தண்ணீர் தீர்ந்துபோனது. ஏக்கருக்கு எட்டு மூட்டைதான் கண்டது, அதிலும் பாதி பதர்.

இந்த ஆண்டு புரட்டாசி 5ஆம் தேதி, அதாவது நேற்று முன்தினம், மாலை நான்கு மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, இடியும் மின்னலுமாக முக்கால் மணி நேரம் கொட்டியது. முற்றத்தில் இருந்த நேரான பக்கமுள்ள டின்னுக்குள் மகளின் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். 27 மில்லிமீட்டர். வயலில் மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால் நான்கு விரற்கடைக்கு ஈரம், அதன் கீழே புழுதி.

விதைப்புக் கருவி பூட்டிய டிராக்டர் வியாழக்கிழமை எங்கள் பக்கம் வருகிறது. அதை விட்டால் அடுத்த முறை வர பத்துப் பன்னிரண்டு நாளாகும். அதற்குள் பருவமழை பிடித்துக்கொண்டால் எங்கள் களிமண்ணில் டிராக்டர் இறங்காது. முந்தினால் போன ஆண்டின் முதல் விதைப்பு, பிந்தினால் போன ஆண்டின் இரண்டாம் விதைப்பு. இரண்டையும் பட்டவள் நான்.

பெய்தது பருவமழையின் தொடக்கமா? இல்லை என்றால், தொடக்கத்தை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? நீங்கள் நாள் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாளைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லுங்கள். விதை அண்ணா ஆர் 4 என்ற நெல் ரகம், கையில் தயாராக இருக்கிறது.

கமுதி இளைஞன் – செப்டம்பர் 23

அக்கா, என் கைப்பேசிச் செயலியில் அடுத்த பத்து நாளில் ஆறு நாளுக்கு மழைக் குறியீடு காட்டுகிறது. நாங்கள் நேற்றே நான்கு ஏக்கரையும் விதைத்து முடித்துவிட்டோம். டிராக்டர் கிடைக்கும்போது விட்டுவிடாதீர்கள். ஈரம் இருக்கும்போதே விதைப்பது நல்லது.

மழைமானி – செப்டம்பர் 24

அம்மா, நான் பரமக்குடிப் பக்கத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபத்தாறு ஆண்டுகளாக மாடியில் மழைமானி வைத்துத் தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதிவருகிறேன். நீங்கள் டின்னில் ஸ்கேல் வைத்து அளந்ததையும், மண்ணை வெட்டிப் பார்த்ததையும் படித்தபோது நெஞ்சுக்கு நிறைவாக இருந்தது. கேள்விக்கான பதிலில் பாதி உங்கள் எழுத்திலேயே இருக்கிறது.

பெய்தது பருவமழை இல்லை. வெப்பச் சலன மழை. மாலை நான்கு மணி, மேற்கே இருட்டு, இடி மின்னல், முக்கால் மணி நேரத்தில் ஓய்ந்தது: நான்குமே அதற்கு அடையாளம். பகல் முழுக்கத் தரை காய்கிறது. மேலே மேற்குக் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வருகிறது. இரண்டும் முட்டுகிற இடத்தில் சூடான காற்று மேலே எழும்பி மேகம் கோபுரம்போல் வளர்ந்து அங்கேயே கொட்டித் தீர்க்கிறது. உங்கள் ஊரில் 27 மி.மீ. பெய்த அன்று என் மானியில் ஒன்றுமில்லை. இந்த மழைக்கு நாளையும் வருவேன் என்ற உறுதி கிடையாது.

வடகிழக்குப் பருவமழையின் நடை வேறு. மேகம் கடலிலிருந்து வரும். நம் கரையோரத்தில் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் அது பலமாகப் பெய்யும், ஏனென்றால் இரவில் தரை குளிர்ந்துவிடும், கடல் குளிராது. காலையில் எழுந்து வாசல் நனைந்திருப்பதைப் பார்த்தால், அதுவும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பார்த்தால், அப்போது பருவமழையை நினைக்கலாம்.

வானிலை ஆய்வுத் துறையும் ஒரு மழையை மட்டும் பார்த்துப் பருவமழை தொடங்கியதாக அறிவிப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை வடக்கிலிருந்து விலகி ஆந்திரக் கரைவரை வந்திருக்க வேண்டும். தமிழகக் கரையில் கிழக்குக் காற்று நிலைத்து வீச வேண்டும். அந்தக் காற்று தரையோடு நில்லாமல் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரம்வரை இருக்க வேண்டும். அதற்குமேல், கரையோர மாவட்டங்களில் பரவலாக மழை பெய்திருக்க வேண்டும். இவை கூடினாலும் அக்டோபர் 10க்கு முன் அறிவிக்க மாட்டார்கள். சராசரித் தொடக்க நாள் அக்டோபர் 20. ஆனால் சராசரியை நம்பி வயலில் இறங்க முடியாது. 2018இல் நவம்பர் 1, 2022இல் அக்டோபர் 29, 2023இல் அக்டோபர் 21, 2024இல் அக்டோபர் 15. பதினைந்து நாளுக்கு மேல் இப்படியும் அப்படியும் ஆடுகிறது.

தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அக்டோபரில் வங்கக்கடலில் எழும் புயல் நம் பக்கம் வராமல் வடக்கே ஏறினால், காற்றையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். நமக்கு மறுபடி மேற்குக் காற்றும் வெயிலும்தான். 2018 அக்டோபரில் டிட்லி புயல் ஆந்திர, ஒடிசா எல்லைப் பக்கம் போனது. 2022இல் சிட்ரங் வங்கதேசத்துக்குப் போனது. இரண்டு ஆண்டிலும் நமக்குப் பருவம் பிந்தியது. ஆகவே கடலில் புயல் என்று வானொலியில் கேட்டவுடன் விதை மூட்டையைப் பிரிக்காதீர்கள், எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

இப்போது உங்கள் வயலுக்கு வருகிறேன். நாளை வியாழக்கிழமை விதைத்தால் இந்த ஈரத்தில் முளைத்துவிடும். அன்றிலிருந்து அக்டோபர் 20க்கு இருபத்தைந்து நாள் இருக்கிறது. போன ஆண்டு உங்கள் பயிர் தாங்காமல் போனது இருபத்திரண்டு நாள். இந்தக் கணக்கை மட்டும் மனதில் வையுங்கள்.

அதற்காகப் பருவமழை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்லவில்லை. புழுதி விதைப்பு நம் மாவட்டத்தின் பழக்கம், சரியான பழக்கம். ஆனால் புழுதி விதைப்பு என்றால் புழுதியில் விதைப்பது. போன ஆண்டு நீங்கள் செய்தது ஈர விதைப்பு. மேலே நான்கு விரல் ஈரம், கீழே வறட்சி. விதையை முளைக்கத் தூண்டிவிட்டு வேருக்கு ஒன்றும் கொடுக்காத மண் அது. அதைவிட முழுக்கக் காய்ந்த மண்ணே விதைக்குப் பாதுகாப்பு. காய்ந்த மண்ணில் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் விதை சின்னத் தூறலுக்கு ஏமாறாது. அந்த ஆழம்வரை நனைக்கும் மழை வந்தால்தான் முளைக்கும்.

வியாழக்கிழமை வரும் டிராக்டரை விடவேண்டாம், ஆனால் அன்று விதைக்க வேண்டாம். பெய்த மழைக்கு இப்போது களை முளைத்துக்கொண்டிருக்கும். கருவியைக் கழற்றச் சொல்லி ஓர் உழவு மட்டும் ஓட்டுங்கள். பிறகு வரவேண்டிய களையில் பெரும்பகுதி இப்போதே மடங்கிவிடும். அடுத்த முறை டிராக்டர் வரும்போது விதைப்பை வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை இரண்டு விரல் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்தால் பொறுங்கள். பிடித்த கையைத் திறந்ததும் பொலபொலவென்று கொட்டினால் விதையுங்கள்.

விதையைக் கடினப்படுத்தவும் செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்துக் கிராம் பொட்டாஷ், ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல், பதினாறு மணி நேரம் ஊறவேண்டும். பிறகு நிழலில் உலர்த்தவேண்டும். எதுவரை என்றால், ஊறப்போடும் முன் என்ன எடை இருந்ததோ அந்த எடைக்குத் திரும்பும்வரை. வெயிலில் போட்டுவிடாதீர்கள். இப்படிச் செய்த விதை முளைத்தபின் பத்து நாள் வறட்சியைச் சற்று நன்றாகவே தாங்கும். கருவி விதைப்புக்கு ஏக்கருக்கு முப்பது கிலோ போதும்.

தம்பி கமுதிக்கு: செயலியின் பத்தாம் நாள் மழைக் குறியீட்டை நம்பி விதை நெல்லைக் கொட்டாதீர்கள். வானிலைத் துறையின் வேளாண் அறிவுரை ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாக ஐந்து நாளுக்கு வருகிறது. அந்த ஐந்து நாளுக்கு மேல் நான் கணக்கு வைப்பதில்லை.

தொண்டிக் கரை – செப்டம்பர் 24

தங்கை, எனக்கு வயல் இல்லை, நாட்டுப் படகுதான். ஆனாலும் உங்கள் கேள்வியில் பாதி காற்றைப் பற்றியது என்பதால் எழுதுகிறேன்.

இப்போது எங்களுக்குக் கச்சான் காற்று, மேற்கிலிருந்து வருவது. அது தரையிலிருந்து கடலுக்குத் தள்ளுவதால் எங்கள் கரையோரம் தண்ணீர் தட்டையாகக் கிடக்கிறது. பாக் ஜலசந்தியைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடக்கிலிருந்து வரும் வாடைக் காற்று எழும்பினால் கதை மாறும். வாடையில் பெண் கடல் சீறும், ஆண் கடல் அடங்கும். நாங்கள் படகைக் கரையில் மேலே ஏற்றிக் கட்டுவோம்.

கச்சான் ஓய்ந்து வாடை வருவதற்கு இடையில் சில நாள் காற்றே இருக்காது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும், புழுக்கம் தாங்காது, பாய் விரித்தால் தொங்கும். அந்த நாள்கள் வந்துவிட்டால் மழை பக்கத்தில் இருக்கிறது என்று எங்கள் அப்பா சொல்வார், நானும் பார்த்திருக்கிறேன். அதன்பின் கிழக்கே, கடலுக்கு மேலே, விடியலுக்கு முன் மின்னல் தெரியும். இடிச் சத்தம் கேட்காது, மின்னல் மட்டும் தெரியும். கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, எழும்பப்போகிறது என்று அர்த்தம்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் காற்று எல்லா மாதமும் வரும், அது கடற்காற்று. அதை வைத்துப் பருவத்தைச் சொல்ல முடியாது. காலை எட்டு, ஒன்பது மணிக்கு, கடற்காற்று கிளம்பும் முன், காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உங்கள் ஊரில் கொடியோ புகையோ பனை ஓலையோ ஏதாவது இருக்குமே.

உள்வாய்க்காரி – செப்டம்பர் 24

ஐயா, அண்ணா, இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஈர விதைப்பு, புழுதி விதைப்பு என்ற வேறுபாட்டை இதுவரை யாரும் எனக்கு இப்படி எடுத்துச் சொன்னதில்லை. மாமனார் மண்ணைக் கையில் பிடித்துத் திறந்து பார்ப்பார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புகை இருக்கிறது அண்ணா. எங்கள் வீட்டுக்குக் கிழக்கே அரை கிலோமீட்டரில் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு மூட்டம் புகைந்துகொண்டிருக்கும். இன்று காலை ஒன்பது மணிக்குப் பார்த்தேன். புகை எங்களை விட்டு விலகிக் கடல் பக்கம் படுத்துப் போகிறது. கொடியில் காயப்போட்ட துணியில் புகை வாடை இல்லை. கார்த்திகையில் அந்தத் துணிகளையெல்லாம் இரண்டு முறை அலச வேண்டியிருக்கும், அவ்வளவு வாடை ஏறும். இத்தனை ஆண்டு அதைத் தொந்தரவாக மட்டும்தான் நினைத்தேன். இன்று முதல் தினமும் ஒன்பது மணிக்குப் பார்த்து நாள்காட்டியில் குறிக்கிறேன்.

மடைக்காரர் – செப்டம்பர் 25

மகளே, நான் பெரிய கண்மாய்ப் பாசனத்துக்காரன். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ஊர் சொல்லும் அதே ராஜசிங்கமங்கலம் கண்மாய்தான். எழுபத்திரண்டு வயதாகிறது. ஆசிரியர் சொன்னது அத்தனையும் சரி. இரண்டைச் சேர்க்கிறேன்.

முதலாவது, மூன்று ஏக்கரையும் ஒரே நாளில் விதைக்காதே. உன் வயலில் பள்ளம் எது, மேடு எது என்று உனக்குத் தெரியும். பள்ளத்தை முதலில் விதை. பருவமழை பிடித்தால் பள்ளத்தில்தான் முதலில் தண்ணீர் கட்டும். அதற்குள் அங்கே பயிர் ஒரு சாண் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் மூழ்கி அழுகும். மேடு ஒரு வாரம் பொறுத்தாலும் குற்றமில்லை.

இரண்டாவது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை இப்போதே போய்ப் பார். ஊர் கூடிச் செய்யவேண்டிய வேலை என்று எல்லோரும் இருந்துவிடுகிறோம். போன ஆண்டு தையில் உன் பயிர் காய்ந்ததற்கு விதைப்பு பிந்தியது மட்டும்தான் காரணமா என்று யோசித்துப் பார். கார்த்திகையில் பெய்த மழை எல்லாம் உங்கள் கண்மாய்க்கு வந்ததா? எங்கள் பக்கம் கால்வாய் நடுவில் கருவேலம் முளைத்து, தண்ணீர் வழிமாறி ஓடையில் போய்க் கடலுக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். நூற்றைந்து நாள் பயிருக்குக் கடைசி முப்பது நாளும் கண்மாய்தான் தாய்ப்பால். மானத்து மழையை நம்மால் இழுக்க முடியாது, வந்த மழையைக் கண்மாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்.

விதையளவு பற்றியும் ஒரு சொல். கருவிக்கு முப்பது கிலோ சரி. கையால் வீசினால் போதாது, எறும்பும் குருவியும் கொண்டுபோகும்.

மார்கழியில் நான் கர்ப்போட்டம் பார்ப்பவன். மேகம் தெற்கும் வடக்குமாக ஓடுவதைப் பார்த்து அடுத்த ஆண்டு மழையைச் சொல்வது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பழக்கம். போன மார்கழியில் ஓட்டம் நன்றாகவே இருந்தது. ஆனாலும் 2016ஐ நான் மறக்கவில்லை. அந்த ஆண்டு தமிழ்நாடு முழுக்க வடகிழக்குப் பருவத்தில் வழக்கத்தில் 62 சதவீதம் குறைந்து போனது. எந்த நாளில் விதைத்தவனுக்கும் அந்த ஆண்டு ஒன்றும் இல்லை. ஆகவே விதைத்த கையோடு, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலை வாங்கிப் பயிர்க் காப்பீட்டைக் கட்டிவிடு. நம் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். கடைசி நாள்வரை இழுக்காதே, கூட்டத்தில் இணையம் வேலை செய்யாது.

மழைமானி – செப்டம்பர் 25

பள்ளம், மேடு பற்றி ஐயா சொன்னதை நான் விட்டுவிட்டேன். அதுதான் அனுபவம். அப்படியே செய்யுங்கள் அம்மா.

உள்வாய்க்காரி – அக்டோபர் 7

நடந்ததை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை உழவு மட்டும் ஓட்டினேன். டிராக்டர்காரர் இரண்டு முறை கேட்டார், "ஊரே விதைக்கிறது, நீங்கள் மட்டும் ஏன் வெறும் உழவு?" என்று. பக்கத்து வயல்காரர்களும் நின்று பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தபின் இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் மழை பெய்துவிட்டால் என்ன செய்வேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழை பெய்யவில்லை. அக்டோபர் 1ஆம் தேதி மாலை ஆறு மில்லிமீட்டர், அவ்வளவுதான்.

விதையை ஐயா சொன்னபடி ஊறவைத்தேன். ஊறப்போடும் முன் ஒரு சிறு துணிப்பையில் ஒரு கிலோவைத் தனியாக எடை போட்டு வைத்திருந்தேன். ஊறியபின் திண்ணையில் சாக்கு விரித்து உலர்த்தி, அந்தப் பையை மட்டும் காலையும் மாலையும் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை பழைய எடைக்குத் திரும்பியது. நேற்று பள்ளத்து இரண்டு ஏக்கரைக் கருவியால் விதைத்தோம். காலையில் மண்ணை எடுத்துப் பிடித்துத் திறந்தேன். பொலபொலவென்று விரலிடுக்கில் ஓடியது. ஒரு விதையைத் தோண்டி எடுத்து ஸ்கேல் வைத்தேன், நான்கு சென்டிமீட்டர்.

சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். எங்களுக்கு மேற்கே செப்டம்பரில் விதைத்த வயல்களில் பயிர் சுருளத் தொடங்கிவிட்டது. அந்த வரப்பில் நடக்கும்போது தலை குனிந்தே போகிறேன். போன ஆண்டு நான் நின்ற இடம் அது.

வரத்துக்காலையும் பார்த்தேன் மடைக்காரர் ஐயா. நீங்கள் சொன்னது போலவே நடுவில் கருவேலம், ஓரிடத்தில் கரை உடைந்து ஓடை பக்கம் திரும்பியிருக்கிறது. மகளிர் குழுவில் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேர் போய் வெட்டினோம், உடைப்பில் மண் மூட்டை அடுக்கினோம். முழுக்க முடியவில்லை, ஆனால் தண்ணீருக்கு வழி தெரிகிறது.

புகை இன்றும் கிழக்கேதான் போகிறது.

கமுதி இளைஞன் – அக்டோபர் 8

எங்கள் நான்கு ஏக்கரில் இரண்டு ஏக்கர் போய்விட்டது அக்கா. மற்ற இரண்டில் அடி ஈரம் கொஞ்சம் இருந்ததால் நிற்கிறது. அப்பா பேசவே இல்லை. ஆசிரியர் ஐயா, மறு விதைப்புக்கு அண்ணா ஆர் 4 போடலாமா, வேறு எதுவும் பார்க்கலாமா?

மழைமானி – அக்டோபர் 8

தம்பி, மனம் தளரவேண்டாம். இன்று அக்டோபர் 8தான், பருவம் கையில் இருக்கிறது. அண்ணா ஆர் 4 நூறு, நூற்றைந்து நாள், வறட்சி தாங்கும், நம் பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம். அதையே போடுங்கள், நாளைத் தள்ளாதீர்கள். காய்ந்த பயிரை உழுது மண்ணோடு மடக்கிவிட்டுப் புழுதியில் விதையுங்கள். அப்பாவிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். நான்கு ஏக்கரையும் அந்த ஈரத்தில் விதைக்கலாம் என்று முடிவு செய்தது நீங்கள் இருவரும்தானே.

தொண்டிக் கரை – அக்டோபர் 14

தங்கை, இரண்டு நாளாகக் காற்று செத்துக் கிடக்கிறது. இன்று கடல் கண்ணாடி. மேடு விதைக்காமல் இருந்தால் விதைத்துவிடுங்கள்.

உள்வாய்க்காரி – அக்டோபர் 14

நேற்றே விதைத்துவிட்டேன் அண்ணா. இன்று காலை ஒன்பது மணிக்குப் பார்த்தேன். புகை எந்தப் பக்கமும் சாயாமல் தூண்போல் நேராக மேலே போகிறது. இப்படி நான் பார்த்ததே இல்லை.

உள்வாய்க்காரி – அக்டோபர் 19, காலை

மூன்று நாளாகக் காலையில் புகை வீட்டுக்குள் வருகிறது. கண் எரிகிறது, மகள் இருமுகிறாள், துணியெல்லாம் கரிமூட்ட வாடை. இந்த வாடைக்காக வாசலில் நின்று அழுதவள் நானாகத்தான் இருப்பேன்.

நேற்று இரவு மூன்று மணிக்கு ஓட்டில் முதல் சத்தம் கேட்டது. இடி இல்லை. மெதுவாகத் தொடங்கி, ஒரே சீராக, விடிந்து ஏழு மணிவரை பெய்தது. எட்டரைக்கு அளந்தேன், 41 மில்லிமீட்டர். குடை பிடித்துக்கொண்டு வயலுக்குப் போய் மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தேன். ஒரு சாணுக்கு ஈரம் இறங்கியிருக்கிறது, கீழே புழுதி தட்டவில்லை. ஒரு விதையை எடுத்தேன். தண்ணீர் குடித்து ஊதிக் கிடக்கிறது, முளை இன்னும் எட்டிப்பார்க்கவில்லை. அதைத் திரும்ப மண்ணில் வைத்து மூடிவிட்டு வந்தேன்.

பள்ளத்து வயலில் ஒரு மூலையில் மட்டும் கணுக்காலுக்குத் தண்ணீர் நிற்கிறது. கிழக்கே இன்னும் கறுத்துக்கிடக்கிறது. மடைக்காரர் ஐயா, வாய்மடையை அடைத்துத் தண்ணீரைத் தேக்கலாமா, திறந்துவிடலாமா? இத்தனை நாள் காத்திருந்த தண்ணீரை வடியவிட மனம் வரவில்லை.

மடைக்காரர் – அக்டோபர் 19

திறந்துவிடு மகளே, இப்போதே போ. புழுதியில் கிடந்த விதைக்கு மேலே தண்ணீர் நின்றால் மூச்சுமுட்டி அழுகிவிடும். முளைத்து மூன்றிலை விடும்வரை ஈரம் போதும், நிற்கும் தண்ணீர் ஆகாது. வடியும் தண்ணீர் வீணாகிவிட்டதாக நினைக்காதே. அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக் கண்மாய்க்குத் திருப்பிவிடு. மழை விட்டதும் நீங்கள் மண் மூட்டை அடுக்கிய உடைப்பையும் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு இங்கே எழுது.